தூங்குமூஞ்சி வீடு

அந்தத் தெருவில் வழி கேட்டால் யாரும் கதவு எண்ணைச் சொல்ல மாட்டார்கள். "தூங்குமூஞ்சி வீடா? நேரா போங்க, நீலக் கேட்" என்பார்கள். தபால்காரர் அப்படித்தான் சொல்வார், தண்ணிக் கேன் போடுகிறவர் அப்படித்தான் சொல்வார், நேற்றுக் குடிவந்தவன்கூட அப்படித்தான் சொல்வான். இத்தனைக்கும் அந்த வீட்டில் இருப்பது இரண்டே பெண்கள், இரண்டு பேருமே விடிவதற்கு முன்னால் எழுந்து வாசல் விளக்கை அணைக்கிறவர்கள். பேர் வாங்கிக் கொடுத்தவர் வேறு ஆள். போனவர் திரும்பி வராததால் அந்தப் பேரை இவர்கள் சுமக்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

போனவர் ஒரு விண்கல ஓட்டி. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் தன்னந்தனியாக ஒரு கலத்தை எடுத்துக்கொண்டு மேலே போனார். கலமும் வரவில்லை, அவரும் வரவில்லை. அரசாங்கம் கொஞ்ச நாள் கொடியைத் தாழ்த்திக் கட்டியது. அப்புறம் ஓர் அறிக்கை விட்டது: ஓட்டி பணி நேரத்தில் உறங்கிவிட்டதால் கலம் காணாமல் போனது. முடிந்தது கதை. செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்?

இரண்டு பெண்களில் மூத்தவள் அவர் மனைவி. இளையவள் அவர் தங்கை. சின்ன வயதில் அண்ணன் எதைச் சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே திரிந்தவள் என்பதால் அவர் அவளுக்கு எதிரொலி என்று பேர் வைத்தார். அந்தப் பேர் வீட்டில் ஒட்டி, பள்ளிக்கூடத்தில் ஒட்டி, கடைசியில் அலுவலகத்திலும் ஒட்டிக்கொண்டது.

அன்று காலை எதிரொலி கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்குத்தானே அவர் கலத்தைத் திறக்கறாங்க?"

"ஆமாம் அண்ணி."

"நான் ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியே?"

"கேளுங்க."

"அவர் வீட்டில தூங்கினா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். உனக்கே தெரியும். போர்வையைப் பிடிச்சு இழுத்தாத்தான் கண்ணைத் திறப்பார். ஊர் சொல்றதுக்கெல்லாம் நான் பதில் சொல்லிட்டேன். அப்படிச் சொன்ன கடையில இன்னிவரைக்கும் சாமான் வாங்கறதில்ல. ஆனா சில சமயம் எனக்கே, ஒருவேளை தூங்கித்தான் போயிட்டாரோன்னு..." அண்ணி முந்தானையால் சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள். "தூங்கினாரா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சுட்டு வா. எதுவா இருந்தாலும் எங்கிட்ட மறைக்காம சொல்லு."

அண்ணிக்குள்ளும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது என்று எதிரொலிக்கு அன்றுதான் தெரியும். "சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

இனி அவள் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அவள் அதில் மூன்று வருஷம் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவள்.

இந்தப் பக்கத்து நாடும் அந்தப் பக்கத்து நாடும் ஒரு காலத்தில் ஒரே நாடு. அண்ணன் தம்பி சண்டை மாதிரி ஏதோ ஒன்று வந்து பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஆற்றைப் பிரித்தார்கள், மலையைப் பிரித்தார்கள், ரயில் பெட்டிகளை எண்ணிப் பிரித்தார்கள். ராக்கெட் விடக் கற்றுக்கொண்ட பிறகு ஆகாயத்தையும் ஒரு கோடு போட்டுப் பிரித்தார்கள். மொழியை மட்டும் வெட்ட முடியவில்லை. அதனால் ஆளுக்கு முழுசாக ஒன்று எடுத்துக்கொண்டு, மற்றவன் பேசுவது அன்னிய மொழி, அது நமக்குப் புரியாது என்று இரண்டு பக்கமும் சட்டம் போட்டார்கள். புரிகிறது என்று வாய் தவறிச் சொன்னவன் தேசத்துரோகி. உள்ளே போனால் வெளியே வர வருஷங்கள் ஆகும்.

ஆகவே இரண்டு பக்கத்தாரும் சந்திக்கும் இடத்தில் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார வேண்டும். இவர் "வணக்கம்" என்பார். மொழிபெயர்ப்பாளர் இரண்டு மூச்சு காத்து, புருவத்தைச் சுருக்கி, அவர் பக்கம் திரும்பி "வணக்கம்" என்பார். அவர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வரும். படிப்பில் முதல் வருஷம் முழுக்க அந்த இரண்டு மூச்சுக்கும், இரண்டாம் வருஷம் புருவத்துக்கும் போய்விடும். கேட்டதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வதுதான் மூன்றாம் வருஷப் பாடம். "அதைத்தான் அவரே சொல்லிட்டாரே" என்று சிரித்தவன் எவனும் பாஸ் ஆனதில்லை. எதிரொலி ஒரு நாளும் சிரித்ததில்லை. அண்ணன் போன பிறகு அவள் இந்தப் படிப்பில் சேர்ந்ததே, என்றைக்காவது இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினால் தான் நடுவில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அந்த நாள் ஒரு பல் டாக்டரால் வந்தது. எங்கோ மூன்றாவது நாட்டில், மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்துப் பொழுதுபோக்குகிற மனுஷன், ஆகாயக் கோட்டுக்கு நேர் மேலே ஒரு கலம் நிற்பதைப் பார்த்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டார். பூமியின் இழுப்பும் மற்றவற்றின் இழுப்பும் சமமாக இருக்கிற இடம் அது. அங்கே விட்ட பொருள் விட்ட இடத்திலேயே கிடக்கும். இரண்டு நாட்டிலும் மலை மலையாகத் தொலைநோக்கிகள் இருக்க, இத்தனை வருஷம் எப்படிக் கண்ணில் படவில்லை என்று கேட்கிறீர்களா? கோட்டின் மேல் பார்ப்பது கோட்டுக்கு உரிமை கொண்டாடுவதாகும் என்று ஒப்பந்தம். இரண்டு பேரும் அவரவர் பாதியை மட்டும் சல்லடை போட்டுச் சலித்தார்கள், நடுவில் மட்டும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தேடினால் யானைகூடக் கிடைக்காது.

கோட்டின் மேல் நிற்பதால் தனியாகப் போய் எடுக்கவும் ஒருவருக்கும் உரிமை இல்லை. உலகமே படத்தைப் பார்த்துவிட்டதால் எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. அப்படித்தான் கூட்டுப் பயணம் பிறந்தது.

மேலே போன கூட்டுக் கலத்தில் இரண்டு பேர். இந்தப் பக்கத்து ஓட்டி ஒல்லி, அந்தப் பக்கத்து ஓட்டி மீசை. கலத்துக்குள் தரையிலிருந்து கூரை வரை நடுவாக மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. தண்ணீர்க் குழாய் ஒல்லி பக்கம், கழிவறை மீசை பக்கம். கோட்டைத் தாண்ட வேண்டுமானால் கீழே சொல்லி, கீழே பேசி, எதிரொலி அதை மொழிபெயர்த்து, அனுமதி மேலே போக வேண்டும். முதல் வாரம் இரண்டு பேரும் படாத பாடு பட்டார்கள். அப்புறம் திடீரென்று அனுமதிக் கோரிக்கைகள் நின்றுவிட்டன. கீழே இருந்தவர்கள் விஞ்ஞானிகள் ஆனதால் மனித உடம்பு விண்வெளிக்குப் பழகிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். எதிரொலி மட்டும் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

கீழே கட்டுப்பாட்டுக் கூடம் எல்லைக்கு நேர் மேலே கட்டப்பட்டிருந்தது. இரண்டு வாசல், இரண்டு கடிகாரம், இரண்டு தேநீர் இயந்திரம். இரண்டு இயந்திரத்திலும் ஒரே மாதிரி கழுநீர்தான் வரும். நடுவில் எதிரொலியின் நாற்காலி, இரண்டு கால் இங்கே, இரண்டு கால் அங்கே. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த உத்தியோகம்.

இந்தப் பக்கத்துத் தலைவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் "க்ஹும்" என்று ஒரு தடவை கனைப்பார். கனைக்காமல் அவர் காலை வணக்கம்கூடச் சொன்னதில்லை. அதனால் கூடத்தில் எல்லோருக்கும் அவர் கனைப்பு ஐயா. அந்தப் பக்கத்துத் தலைவி பெரிய கண்ணாடி போட்டிருப்பாள், அவள் கண்ணாடியம்மா. காணாமல் போனவரின் தங்கையே மொழிபெயர்ப்பாளர் என்றால் டிவியில் பார்க்க நன்றாக இருக்கும், சொன்னபடியும் கேட்பாள் என்று கனைப்பு ஐயா கணக்குப் போட்டார். சொந்தத் தங்கை என்றால் எங்காவது அழுது இவர்கள் மானத்தை வாங்குவாள் என்று கண்ணாடியம்மா கணக்குப் போட்டாள். இரண்டு கணக்கும் சேர்ந்து அவளுக்கு வேலை கிடைத்தது.

இன்னும் இரண்டு விதிகள் உண்டு. இரண்டு நாட்டு டிவியிலும் நேரடி ஒளிபரப்பு. யார் மொழி முதலில் ஒலிப்பது என்று சண்டை வந்ததால், ஒருவர் மொழியும் வேண்டாம், மொழிபெயர்ப்பு மட்டும் ஒலிக்கட்டும் என்று முடிவாயிற்று. மற்றவர்கள் வாய் அசையும், எதிரொலியின் மைக் மட்டும் கேட்கும். அவள் சொல்வதுதான் பதிவிலும் ஏறும். அடுத்தது, முக்கியமான பொத்தான் எதுவானாலும் இரண்டு பக்கத்து ஆளும் ஒரே நொடியில் அழுத்த வேண்டும். யார் ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது என்று அதற்கும் ஒரு சண்டை. மொழிபெயர்ப்பாளரே எண்ணட்டும், எண்ணாமல் எதையும் தொடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று கூட்டுக் கலம் பழைய கலத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. கதவை யார் திறப்பது என்று காலை முழுக்கப் பேச்சு நடந்தது. கடைசியில் கைப்பிடியை ஆளுக்கு ஒரு கையால் பிடித்துக்கொள்வது என்று முடிவாகி, எதிரொலி எண்ணினாள். "ஒன்று. இரண்டு. மூன்று."

குரல் மேலே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். எல்லோரும் பெரிய திரையைப் பார்த்தார்கள். கதவு திறந்தது. விளக்கு உள்ளே போனது.

அவர் இருக்கையில்தான் இருந்தார். குளிரில் அப்படியே இருந்தார். பெல்ட் போட்டு, முதுகு நிமிர்ந்து, ஒரு கை வானொலிப் பொத்தான் மேல். தூங்குகிறவன் உட்காரும் விதமா அது? எதிரொலி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அழக்கூடாது, மைக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"க்ஹும். குரல் பதிவுப் பெட்டி இருக்கும். அதைத் தொடாமல் சீல் வைத்துக் கொண்டுவர வேண்டும்" என்றார் கனைப்பு ஐயா.

எதிரொலி இரண்டு மூச்சு காத்து அதைச் சொன்னாள். "ஏற்றுக்கொள்கிறோம். தொடவே கூடாது" என்று கண்ணாடியம்மா என்றுமில்லாத வேகத்தில் சொன்னாள். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை நடத்தியும் எல்லையில் இருக்கிற ஒரு கிணற்றுக்குத் தீர்வு காணாதவர்கள் ஒரே மூச்சில் ஒத்துப்போனது எதிரொலிக்கு என்னவோ போல் இருந்தது.

உத்தரவு மேலே போய்ச் சேர்வதற்குள் கூடத்தின் ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஐயோ, கை பட்டுடுச்சு" என்றது ஒல்லியின் குரல்.

"அவர் கை இல்ல, என் முழங்கை" என்றது மீசையின் குரல்.

"இல்லங்க, என் கைதான்."

இரண்டு நாடும் தப்பு யாருடையது என்று அடித்துக்கொண்டிருந்த காலத்தில், தப்பு என்னுடையது என்று அங்கே இரண்டு பேர் சண்டை போட்டார்கள். அதற்குள் பெட்டி பேச ஆரம்பித்துவிட்டது.

அண்ணனின் குரல். களைத்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

"கட்டுப்பாட்டறை, ஒரு எஞ்சின் போச்சு. நம்ம பக்கமா வர்றதுன்னா பெரிய சுத்து, எரிபொருள் போதாது. அந்தப் பக்கமா திரும்பினா நேரா இறங்கிடலாம். அனுமதி இல்லாம தாண்டினா சுட்டுடுவாங்க. கேட்டுச் சொல்லுங்க."

கொஞ்சம் இரைச்சல். அப்புறம் பதில்.

"க்ஹும். கோட்டைத் தாண்டாதே. மறு உத்தரவு வரும் வரை காத்திரு."

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் கனைப்பு ஐயா பக்கம் திரும்பியது. அவருக்குத் தொண்டை அரித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கனைக்காமல் அடக்கிக்கொண்டார், முகம் தக்காளியாகச் சிவந்தது.

அண்ணன் மறுபடி பேசினார். "அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டறை, கேக்குதா? நான் பேசறது உங்களுக்குப் புரியும், எனக்குத் தெரியும். திரும்பி வர ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எரிபொருள் தீர்ந்துக்கிட்டே இருக்கு."

ஒரு பெண் குரல் நிறுத்தி நிதானமாகச் சொன்னது. "இன்று எங்கள் தேசிய விடுமுறை. மொழிபெயர்ப்பாளர் இல்லை. உங்கள் மொழி எங்களுக்குப் புரியவில்லை."

கண்ணாடியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

பெட்டியில் அண்ணன் சிரித்தார். அது கேலியோ கோபமோ இல்லாத வெறும் சிரிப்பு. "புரியலைன்னு இவ்வளவு நல்லாப் புரியற மாதிரி சொல்றீங்களே அக்கா. சரி. யாராவது ஒருத்தர் சொல்ற வரைக்கும் நான் கோட்டு மேலயே நிக்கறேன்."

அதற்கப்புறம் வெகு நேரம் வெறும் இரைச்சல். கடைசியில் இன்னும் ஒரு வாக்கியம் பேசினார். அது இரண்டு கட்டுப்பாட்டறைக்கும் இல்லை. எதிரொலி கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டாள்.

பெட்டி நின்றது. கூடத்தில் இந்தப் பக்கத்து ஆட்களும் அந்தப் பக்கத்து ஆட்களும் அவரவர் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு இதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பெட்டிக்கு மைக் கிடையாது. மொழிபெயர்ப்பாளர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

கனைப்பு ஐயா கண்ணாடியம்மாவைப் பார்த்தார். கண்ணாடியம்மா அவரைப் பார்த்தாள். நாலு கண்ணும் பேசி முடித்தன, அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எலியும் பூனையும் சேர்ந்துகொண்டால் நெல்லுக்கு யார் காவல்?

அவர் எழுந்தார். "க்ஹும். பதிவு சேதமடைந்துள்ளது. சொற்கள் எதுவும் விளங்கவில்லை. ஓட்டி உறங்கிவிட்டார் என்ற முந்தைய முடிவே சரி."

கண்ணாடியம்மா "ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு, மொழிபெயர்ப்பு இன்னும் வரவில்லையே என்று நினைவு வந்து தலையை நிறுத்திக்கொண்டாள்.

இப்போது எதிரொலி சொல்ல வேண்டும். சொன்னால் அதுதான் பதிவு, அதுதான் வரலாறு. நீலக் கேட் வீடு என்றைக்கும் தூங்குமூஞ்சி வீடுதான். தன் அண்ணன் தூங்கினான் என்று தன் வாயாலேயே இரண்டு நாட்டுக்கும் சொல்ல வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், பிசைந்து ஊட்டுவது அவள் வேலை.

படிப்பில் சொன்னபடி இரண்டு மூச்சு காத்தாள். புருவத்தைச் சுருக்கினாள். அந்தப் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பக்கத்துத் தலைவர் சொல்கிறார்: பதிவு மிகத் தெளிவாக இருக்கிறது. ஓட்டி உறங்கவில்லை. எஞ்சின் பழுதாகி, அந்தப் பக்கமாகத் திரும்ப அனுமதி கேட்டார். உங்களிடம் கேட்டுச் சொல்லாமல், காத்திரு என்று உத்தரவு போட்டது நான்தான்."

கனைப்பு ஐயாவின் வாய் திறந்தபடி நின்றது.

அவர் என்ன செய்வார், பாவம்? நான் அப்படிச் சொல்லவில்லையே என்று சொல்ல வேண்டுமானால், அவள் அன்னிய மொழியில் சொன்னது தனக்குப் புரிந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நேரே ஜெயில். அவர் சொன்னது வேறு என்று கண்ணாடியம்மா சொல்லலாம். அதற்கு அவர் பேசியது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அங்கேயும் ஜெயில்தான்.

கண்ணாடியம்மா உதட்டைக் கடித்து யோசித்து, ஜாக்கிரதையாகச் சொன்னாள். "அவர் கூறியதை நாங்கள் ஏற்கவில்லை."

எதிரொலி இரண்டு மூச்சு காத்து இந்தப் பக்கம் திரும்பினாள். "அந்தப் பக்கத்துத் தலைவி சொல்கிறார்: பழியை அவர் ஒருவரே சுமப்பதை நாங்கள் ஏற்கவில்லை. ஓட்டி எங்களிடமும் கேட்டார். அவர் பேசியது எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொன்னது நான்தான்."

கண்ணாடியம்மா தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

கனைப்பு ஐயா மேசையைக் குத்தினார். "க்ஹும். என்ன உளர்றே? சொன்னதைச் சொல்லும்மா."

"தலைவர் மேசையைத் தட்டிச் சொல்கிறார்" என்றாள் எதிரொலி. "அவர் தூங்கவில்லை. கடைசி வரை விழித்துக் காத்திருந்தார்."

"க்ஹும். மைக்கை நிறுத்துங்கடா."

மைக்கை நிறுத்த இரண்டு பொத்தான். இந்தப் பக்கத்து ஆள் ஒன்றில் விரலை வைத்தான், அந்தப் பக்கத்து ஆள் இன்னொன்றில் விரலை வைத்தான். வைத்துவிட்டு இரண்டு பேரும் எதிரொலியைப் பார்த்தார்கள். அவள் எண்ண வேண்டும். எண்ணாமல் அழுத்தினால் ஒப்பந்த மீறல், போர்கூட மூளலாம். விரல் பொத்தான் மேலேயே இருக்க, ஒரு வார்த்தைக்காக இரண்டு பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் எண்ணவில்லை. அவர்களை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து கடைசி வரை, அண்ணன் பேசியதையும் அவருக்கு வந்த பதில்களையும் அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். கனைப்பைக்கூட விடவில்லை. அண்ணனின் கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

டிவியில் ஜனங்கள் பார்த்தது என்ன தெரியுமா? ஒரு தலைவர் கை வீசி, மேசையைக் குத்தி, கண் கலங்கத் தன் தப்பைச் சொல்கிறார். எதிரித் தலைவி தாங்க முடியாமல் நாற்காலியில் சாய்கிறாள். மதியத்துக்குள் கூடத்தின் இரண்டு வாசலிலும் கூட்டம் கூடிவிட்டது. கனைப்பு ஐயா பின்வழி தேடி வெளியே வந்தபோது ஜனங்கள் கைதட்டினார்கள். "தப்பை ஒத்துக்க ஒரு மனசு வேணும்யா" என்று ஒரு கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஐயா திகைத்தார், சுற்றிலும் பார்த்தார். அப்புறம் க்ஹும் என்று கனைத்து, "உண்மையை மறைத்து எனக்குப் பழக்கம் இல்லை" என்றார். அந்தப் பக்கத்து வாசலில் கண்ணாடியம்மாவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாளாம்.

எதிரொலியை ஒருவரும் தண்டிக்கவில்லை. தண்டிக்க வேண்டுமானால் என்ன குற்றம் என்று எழுத வேண்டுமே. "தொண்டை களைச்சிருக்கும், வீட்டுக்குப் போய் ஓய்வு எடுங்கம்மா" என்று உதவியாளர் அவள் கோட்டை எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு நாள் ஓய்வு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கிளம்புமுன் மேலேயிருந்து ஒரு தகவல் வந்தது. அண்ணனைக் கூட்டுக் கலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மீசை தன் தூங்கும் பையைக் கொடுத்திருக்கிறான். ஒல்லி மஞ்சள் டேப்பை உரித்து எறிந்துவிட்டு, நடுவில் அவரைப் படுக்க வைத்திருக்கிறான். அனுமதி கேட்டார்களா என்று யாரும் விசாரிக்கவில்லை.

தெருவில் இறங்கியபோது பால்கனியிலிருந்து எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டார். "பார்த்தியாம்மா, அவர் தூங்கலையாம். நான் அன்னிக்கே சொன்னேன்." அவர் அன்றைக்குச் சொன்னது என்ன என்று எதிரொலிக்கு வரி விடாமல் ஞாபகம் இருந்தது. திருப்பிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு ஒரு நாளுக்குப் போதுமான அளவு திருப்பிச் சொல்லியாகிவிட்டது என்று கேட்டைத் திறந்தாள்.

அண்ணி டிவியை அணைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவியிருந்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது.

"தூங்கல" என்றாள் அண்ணி.

"தூங்கல அண்ணி."

"நான்கூடச் சந்தேகப்பட்டுட்டேன் பாரு."

எதிரொலி பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரில் சாய்ந்ததும்தான் கால் எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது.

"அங்க எல்லாரும் அவர் குரலைக் கேட்டாங்க, இல்ல?" என்றாள் அண்ணி. "எனக்கு உன் குரல்தான் கேட்டுச்சு. கடைசியில ஏதோ முழுங்கிட்ட. டிவியில உன் மூஞ்சியைப் பார்த்தேன். எதுவானாலும் மறைக்காம சொல்லுன்னேன், சொல்றேன்னுட்டுப் போனே."

"ஊருக்குச் சொல்ற விஷயம் இல்ல அது. உங்களுக்கு."

"சொல்லு. அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

எதிரொலி காத்திருக்கவில்லை, புருவத்தையும் சுருக்கவில்லை. சின்ன வயதில் அண்ணன் பின்னால் திரிந்தபோது சொன்ன மாதிரியே, அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, அவர் சிரிக்கிற இடத்தில் சிரித்துச் சொன்னாள். "மூணு நாளாத் தூங்கல. வீட்டுக்கு வந்ததும் படுத்துடுவேன். யாரும் எழுப்பக்கூடாது, முக்கியமா போர்வையை இழுக்கக்கூடாதுன்னு எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிடுங்கப்பா."

அண்ணி முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"இழுக்க மாட்டேன்னு சொல்லு" என்றாள்.

பழக்கதோஷம். எதிரொலி இரண்டு மூச்சு காத்தாள். சொல்வதற்காக அந்தப் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"இழுக்க மாட்டாங்களாம் அண்ணா" என்றாள்.